தாதியரிடம் தியாகம் கேட்பவர்களுக்கு

குருமண்வெளித் துறையில் நின்று மேற்கே நோக்கினால் வாவிக்கு அப்பால் மண்டூர் தெரியும். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே கிடக்கும் அந்த நீர்ப்பரப்பைக் கடப்பதற்கு, எங்கள் ஊரார் 'பாதை' என்று அழைக்கும் மிதவையில் ஏற வேண்டும். மோட்டார் சைக்கிள், நெல் மூடை, பாடசாலைப் பிள்ளைகள், நோயாளர் எல்லோருக்கும் அந்த ஒரே பாதைதான். பாலம் கேட்டு எமது மக்கள் குரல் கொடுத்துவரும் காலம் எனது பத்திரிகைத் தொழிலின் வயதைவிட நீண்டது.

2023ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுதில் அந்தப் பாதையில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைச் சந்தித்தேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் அரச வைத்தியசாலைகளில் தாதியாகப் பணியாற்றியவள். சம்பளமற்ற விடுமுறை பெற்று மறுவாரம் வெளிநாடு போகவிருந்தாள். மண்டூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு உறவினரிடம் விடைபெற்றுச் செல்ல வந்திருந்தாள். செய்தி பாதையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதியவர் ஒருவர் வாவியைப் பார்த்தபடி, அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "அரசாங்கக் காசில படிச்சுப்போட்டு வெள்ளைக்காரக் கிழடுகளுக்குப் பீத்துணி மாத்தப் போறாளுகள். இஞ்ச கிடக்கிற சனம் என்ன செய்யிற?"

அவள் பதில் சொல்லவில்லை. இறங்கும்போது என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்: "மாமா, நான் தாதித் தொழில விட்டுப் போகல்ல. வாட்ட விட்டுத்தான் போறன்."

சின்னக் கதிர்காமம் என்று நாம் போற்றும் மண்டூர்ச் சந்நிதியில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். அன்று நானும் வாய் கட்டியவனைப்போலவே நின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிப் பிழைத்த ஒருவன் அந்த முதியவருக்கு ஒரு வார்த்தை மறுமொழி சொல்லாமல் நின்றது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை இன்று எழுதுகிறேன்.

சேவை என்னும் சொல்

தாதியரைப் பற்றிப் பேசும்போது நமது மேடைகள் அனைத்தும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன: சேவை. ஆண்டுதோறும் மே 12ஆம் திகதி விளக்கேந்திய சீமாட்டியின் படத்துக்கு மாலை சூட்டி, தாதியர் 'வெள்ளுடைத் தேவதைகள்' என்று பேசிக் கலைகிறோம். பாலம் கட்டும் பொறியியலாளரை எவரும் தேவதை என்பதில்லை. அவருக்கு வாகனம் உண்டு, விடுதி உண்டு, ஒப்பந்தம் உண்டு. தேவதைகளுக்கு உணவும் உறக்கமும் தேவையில்லை அல்லவா? அதனால்தான் இந்தப் பட்டத்தை நாம் இவ்வளவு தாராளமாக வழங்குகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உண்மையான புளோரன்ஸ் நைட்டிங்கேல் யார்? 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்ற அந்த அம்மையார் விளக்கோடு நடந்ததை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சமையலறைக்காகவும், துவைத்த துணிக்காகவும், தூய காற்றுக்காகவும் அவர் அதிகாரிகளோடு சண்டையிட்டதை மறந்துவிட்டோம். நாடு திரும்பிய பின் படைவீரர் இறப்புக் கணக்குகளை வரைபடங்களாக்கி அரசின் முன் வைத்தார். 1859இல் வைத்தியசாலைக் கட்டடங்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். வைத்தியசாலை எவ்வாறு அமைந்திருக்கிறதோ அவ்வாறே நோயாளியின் விதியும் அமையும் என்பதே அவர் வாழ்நாள் வாதம். அந்த வாதத்தைப் புதைத்துவிட்டு விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஓர் இரவின் கணக்கு

என் தாயார் நோயுற்றிருந்த காலத்தில் எமது மாவட்டத்தின் வைத்தியசாலை ஒன்றில் சில இரவுகள் விடுதியின் வாசலில் கழித்தேன். அதன் பெயர் இங்கு முக்கியமல்ல. அங்கு நான் கண்டதை இலங்கையின் எந்த மூலையிலும் காணலாம்.

அரச வைத்தியசாலைகளில் வழமையான வேலைமுறை இதுதான்: காலை 7 மணி முதல் பகல் 1 மணி வரை ஒரு முறை, 1 மணி முதல் இரவு 7 மணி வரை இன்னொன்று, இரவு 7 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை மூன்றாவது. அதாவது இரவுக் கடமை முழுமையாகப் பன்னிரண்டு மணித்தியாலம். அந்த இரவு 42 நோயாளருக்கு ஒரு தாதியும் ஒரு பயிற்சித் தாதியும் இருந்தனர். பழக்கதோஷத்தால் நான் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணித்தியாலத்தில் அந்தப் பெண் இரண்டு முறை உட்கார்ந்தாள். இரண்டு முறையும் எழுதுவதற்காக. மருந்து அலுமாரியைத் திறந்து எண்ணினாள், ஊசி போட்டாள், சேலைன் மாற்றினாள், வைத்தியரைத் தொலைபேசியில் தேடினாள், ஒட்சிசன் உருளையைத் தானே உருட்டி வந்தாள், மூச்சடங்கிய ஒருவரின் கண்களை மூடிவிட்டு அவருடைய மனைவியைத் தாங்கிப் பிடித்தாள். "மிஸி, மிஸி" என்று ஒரே நேரத்தில் நான்கு கட்டில்களிலிருந்து குரல்கள். "கிளி, என்ன ஒருக்கா நிமித்தி விடு" என்று என் தாயார் கேட்டபோது "வாறன் அம்மா" என்றாள். வர முடியவில்லை. தாயாரை நான்தான் நிமிர்த்தினேன்.

காலையில் பதிவேடு ஒன்று நிரப்பப்படாததற்காக எல்லோர் முன்னிலையிலும் அவள் கண்டிக்கப்பட்டாள். மருந்து தாமதித்ததென்று ஓர் உறவினர் ஏசினார். அவள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். நன்றி சொன்னவர் யாருமில்லை, நானும் சொல்லவில்லை. சில நாட்களில் தாயாரின் முதுகில் படுக்கைப்புண் கண்டது. அன்று எனக்கு வந்த கோபம் அந்தத் தாதியின் மீதுதான். 42 என்ற எண்ணின் மீது கோபம் வருவதற்கு எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

எண்கள் சொல்வது

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று கருதுவோருக்காகச் சில எண்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளை லிண்டா எய்கன் என்ற தாதியியல் பேராசிரியையின் குழு ஆராய்ந்தது. முடிவுகள் 2002இல் வெளிவந்தன. ஒரு தாதி கவனிக்கும் நோயாளரில் ஒருவர் கூடும்போது, சத்திரசிகிச்சை பெற்றவர் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. தாதி தொழிலில் களைத்து எரிந்துபோகும் வாய்ப்பு 23 வீதமும், தொழிலில் அதிருப்தியுறும் வாய்ப்பு 15 வீதமும் கூடுகின்றன. நோயாளியின் உயிரும் தாதியின் மனநிறைவும் ஒரே எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன என்பதே இதன் பொருள். தாதியின் திருப்தி அவளுடைய சொந்த மனநிலை சார்ந்தது என்று ஒதுக்குபவர்கள் இதை இரண்டாம் முறை படிக்க வேண்டும்.

இதற்கும் முன்னர், 1983இல், அமெரிக்கத் தாதியியல் கழகம் வேறொரு கேள்வியை எழுப்பியது. நாடெங்கும் தாதியர் பற்றாக்குறை நிலவியபோதும் சில வைத்தியசாலைகளில் மட்டும் அவர்கள் ஏன் நிலைத்து நிற்கிறார்கள்? அவ்வாறான 41 வைத்தியசாலைகளைக் கண்டறிந்து அவற்றைக் 'காந்த வைத்தியசாலைகள்' என்றழைத்தனர். போதிய ஆளணி, வளைந்து கொடுக்கும் நேர அட்டவணை, நோயாளி தொடர்பான முடிவுகளில் தாதியின் சொல்லுக்கு மதிப்பு, மேலும் கற்க வழி, செவிமடுக்கும் நிர்வாகம் ஆகியவையே அங்கு பொதுவாகக் காணப்பட்டன. கலிபோர்னியா மாநிலம் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளர்தான் என்று 1999இல் சட்டம் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016இல் அவ்வழி சென்றது. மனிதர் கட்டிய விதிகளால் மனிதரை நிறுத்திவைக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

எமது நாட்டில் நடந்தது

2022இல் நாடு வங்குரோத்தானபோது எரிபொருள் வரிசையில் நின்று கடமைக்குப் போன தாதியரை நான் பார்த்தேன். மருந்தில்லா அலுமாரிக்கு முன்னே நோயாளியின் ஏச்சைக் கேட்டவர்களும் அவர்களே. அதே ஆண்டு ஜூனில், அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படமாட்டா என்று அரசே சுற்றறிக்கை வெளியிட்டது. டொலர் வேண்டியிருந்தபோது கதவைத் திறந்துவிட்டவர்களும், விடுதிகள் வெறுமையானபோது 'நாட்டுப்பற்று எங்கே?' என்று கேட்டவர்களும் ஒரே அரச இயந்திரத்தைச் சேர்ந்தவர்கள்தாம்.

2024 ஜனவரியில் வைத்தியர்களுக்கான 'டாட்' கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வைத்தியர்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை, அவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே விடுதியில், அதே இரவில் நிற்கும் ஏனையோர் தமக்கும் கேட்டபோது நடந்தது என்ன? சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. சீருடைக்குப் பதில் சீருடை!

2025இன் வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. நல்ல காரியம். ஆனால் மேலதிக நேரத்துக்கும் விடுமுறைதின வேலைக்குமான கணிப்பு முறை மாற்றப்பட்டதை எதிர்த்து அந்த ஆண்டு மார்ச்சில் தாதியர் வீதிக்கு வந்தனர். ஒரு நாட்டின் தாதியர் தமது ஓய்வுநாளை விற்றே வீட்டுக் கடனைக் கட்டுகிறார்கள் என்பதை அந்தப் போராட்டம் அம்பலப்படுத்தியது. மேலதிக நேரத்தைக் குறைத்தால் குடும்பம் பாதிக்கப்படும்; குறைக்காவிட்டால் உடல் பாதிக்கப்படும். இந்தப் பொறியில் ஆளை நிறுத்திவிட்டு மனநிறைவைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்?

படுவான்கரைக்கு வந்தால் இந்தச் சுமை இன்னொரு மடங்காகிறது. மாலை முறை இரவு ஏழு மணிக்கு முடியும். அதன்பின் பாதையை நம்ப முடியாது. பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றி வெள்ளாவெளி வழியாக வர வேண்டும். போரதீவுப்பற்றில் இரவு வீதிக்கு யானை வரும். மாரியில் மண்டூர் வெள்ளாவெளி வீதியை வெள்ளம் மூடும். 2007இல் இப்பகுதி மக்கள் பல்லாயிரக்கணக்கில் இடம்பெயர்ந்ததை மறந்தவர்களுக்கு, எமது கிராமங்கள் எந்தப் பள்ளத்திலிருந்து எழுந்து வந்தன என்பதும் மறந்திருக்கும். இங்கு நியமனம் பெறும் இளம் தாதி முதல் நாளிலிருந்தே இடமாற்றப் படிவத்தைத் தேடினால் அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. பெரிய வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். சிறியவை மாகாண சபையின் கீழ். இரண்டுக்கும் இடையே ஒரு விண்ணப்பம் அலைகிறது. பதிலும் சில வேளை அவளுக்கு விளங்காத மொழியில் வருகிறது. சிங்களத்தில் மட்டும் வரும் கடிதங்களைப் பற்றி முறையிடாத அரச ஊழியரை இம்மாவட்டத்தில் நான் சந்தித்ததில்லை.

எதிர்வாதங்கள்

அந்த முதியவரின் வாதத்தை நான் இலகுவாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அவர் கேட்டது ஓர் ஏழை நோயாளியின் கேள்வி.

இலவசக் கல்வி பெற்றவள் போகலாமா என்கிறார். நானும் இலவசக் கல்வியில் கலைப் பட்டம் பெற்றவன். ஒரு கொழும்புப் பத்திரிகைக்குப் போனபோது எவரும் என்னைத் துரோகி என்று சொல்லவில்லை, 'முன்னேறிவிட்டான்' என்றார்கள். கடன் எல்லோருக்கும் பொதுவென்றால் வசூலும் பொதுவாக இருக்க வேண்டும். அவள் பத்து ஆண்டுகள் இரவில் விழித்து அந்தக் கடனைக் கட்டினாள்.

எவ்வளவு கொடுத்தாலும் போகத்தான் போவார்கள் என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை உண்டு. பவுணுக்கு ஈடாக ரூபாவைக் கொட்ட எமது திறைசேரியால் ஆகாது. உலகில் ஏறக்குறைய 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருப்பதாகவும், இன்னும் 58 இலட்சம் பேர் தேவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. ஏழு தாதியரில் ஒருவர் தாம் பிறந்த நாட்டுக்கு வெளியே பணிபுரிகிறார். பணக்கார நாடுகள் கைநீட்டியே நிற்கும். ஆனால் அங்கும் சொர்க்கம் இல்லை. 1916இல் தோன்றிய பிரித்தானியத் தாதியர் சங்கம் தன் முதல் தேசிய வேலைநிறுத்தத்தை 2022 டிசம்பரில் நடத்தியது. வாவியைக் கடந்தாலும் கடலைக் கடந்தாலும் நெருக்கடி ஒன்றுதான். அக்கரையிலும் அதே சொல்தான். தமிழகத்தில் 2015இல் மாதம் 7,700 ரூபாவுக்கு ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாக்குவோம் என்ற வாக்குறுதியை நம்பிய செவிலியர், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்தபோது அவர்களுக்கும் 'சேவை' பாடமே எடுக்கப்பட்டது.

பணத்தால் போட்டியிட முடியாத நாடுதான் பணமல்லாதவற்றில் கவனமாக இருக்க வேண்டும். நேர அட்டவணையை ஒரு மாதம் முன்னதாக ஒட்டுவதற்கு டொலர் தேவையில்லை. நோயாளிகளின் முன்னே ஒரு பெண்ணை ஏசாதிருப்பதற்குச் சர்வதேச நாணய நிதியத்தின் அனுமதி தேவையில்லை.

வேலைநிறுத்தத்தால் நோயாளி வதைகிறாரே என்பது கடைசி வாதம். ஆம், வதைகிறார். அதை நான் மறுக்கவில்லை. இங்கே என் தொழிலின் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 'தாதியர் பணிப்பகிஷ்கரிப்பு: நோயாளர் பெரும் அவதி' என்ற தலைப்பை என் கையால் எத்தனை முறை எழுதியிருப்பேன்! பகிஷ்கரிப்பு இல்லாத 42 பேரின் இரவை ஒருநாளும் செய்தியாக்கவில்லை. அது தினமும் நடந்ததால் எங்களுக்கு அது செய்தியாகத் தெரியவில்லை.

கடல் கடந்த உறவுகளுக்கு

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுத் தூரத்தில் இருக்கிறீர்கள். ஊர் வைத்தியசாலைகளுக்கு நீங்கள் அனுப்பும் உதவியை நான் நன்கறிவேன். உங்கள் கட்டில்களில் எங்கள் தாய்மார் படுத்திருக்கிறார்கள். ஆயினும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். இயந்திரம் வாங்கிக் கொடுத்துக் கல்வெட்டில் பெயர் பொறிக்கிறோம். அந்த இயந்திரத்தை இரவில் இயக்குபவள் எங்கே தூங்குகிறாள் என்று கேட்டோமா? பூட்டுள்ள அறையும், தண்ணீர் வரும் குழாயும், பாதுகாப்பான கழிப்பறையும் அவளுக்கு இருக்கின்றனவா? இவற்றில் பெயர்ப்பலகை வைக்க அழகான இடம் இல்லை என்பதை அறிவேன். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உங்கள் பெற்றோரைப் பராமரிக்கும் தாதியின் நேரத்தையும் ஓய்வையும் சட்டம் காக்கிறது. ஊரில் இருப்பவளிடம் மட்டும் ஏன் தியாகம் கேட்கிறோம்?

கேட்க வேண்டியவை சிலவே:

1. இரவில் ஒரு தாதிக்கு அதிகபட்சம் எத்தனை நோயாளர் என்று எழுத்தில் ஓர் எண். இன்று எட்ட முடியாவிட்டாலும் எந்த ஆண்டில் எட்டுவோம் என்ற திகதி.

2. படுவான்கரை போன்ற பின்தங்கிய இடங்களில் குறித்த காலம் பணியாற்றியவருக்கு அடுத்த இடமாற்றத்திலும் உயர்கல்வியிலும் முன்னுரிமை. மூப்புப் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி, தமிழிலும்.

3. மாலை முறை முடிந்து வீடு செல்வோருக்கு வாகனம். தங்குவோருக்குப் பூட்டுள்ள விடுதி.

4. போதிய சிற்றூழியரும் எழுதுவினைஞரும். ஒட்சிசன் உருளையை உருட்டுவதும் பதிவேட்டைப் பிரதி செய்வதும் தாதிக்கல்வியில் சேர்ந்தவை அல்ல.

5. அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் வாழும் நிலை. மேலதிக நேரம் விருப்பமாக இருக்கட்டும்.

இவற்றில் சிலவற்றுக்கு அமைச்சரவை வேண்டும். சிலவற்றுக்கு ஒரு வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவின் தீர்மானமே போதும். எமது ஊர்களில் கோயில் நிர்வாக சபைக் கூட்டத்துக்கு வருகிற கூட்டத்தில் பத்திலொரு பங்கு அந்தக் குழுக்களுக்கு வந்தால் மூன்றாவது கோரிக்கை ஒரு வருடத்தில் நிறைவேறும்.

அந்த முதியவரை நான் மறுபடி காணவில்லை. கண்டால் சொல்வேன்: அண்ணே, நீங்கள் கேட்டது சரியான கேள்வி, கேட்ட ஆள்தான் பிழை. இங்கே கிடக்கிற சனம் என்ன செய்வது என்பதை ஒரு பெட்டியோடு வாவியைக் கடக்கும் பெண்ணிடம் கேட்காதீர்கள். அவளுக்குப் பதிலாக இன்னும் ஆள் போடாதவர்களிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போது எனக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். இம்முறை நான் வாய் கட்டி நிற்கமாட்டேன்.